வலுவும் வசமும்: குதிரைத்திறன் பற்றி ஒரு மதுரைக் கணக்கு

பாண்டியர்கள் குதிரை வாங்கிய கதை தமிழ் வாசகருக்குப் புதிதன்று. திருவாதவூரர் அரிமர்த்தன பாண்டியனின் பொன்னோடு குதிரை வாங்கப் புறப்பட்டார். திருப்பெருந்துறையில் அப்பொன் கோயிலுக்குச் செலவானது. நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்தன. இரவில் மீண்டும் நரிகளாகி, லாயத்தில் நின்ற பழைய குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடின. ஆவணி மூலத் திருவிழாவில் இந்த லீலை இன்றும் நிகழ்த்திக் காட்டப்படுகிறது. பக்தியின் பக்கமிருந்தே இக்கதையைக் கேட்டுப் பழகியிருக்கிறோம். வரலாற்றின் பக்கமிருந்து கேட்டால் அதில் வேறொன்றும் ஒலிக்கிறது: பெரும்பொருள் கொடுத்து வாங்கிய குதிரை கையில் நிலைப்பதில்லை என்ற அச்சம்.

அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இந்நாட்டு அரசன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறான், அவன் சகோதரர்களும் அவ்வாறே வாங்குகிறார்கள், ஆனால் ஆண்டு முடிவில் நூறு குதிரைகள்கூட எஞ்சுவதில்லை என்று எழுதினார். குதிரைக்குச் சோறும் இறைச்சியும் போடுகிறார்கள், அதைப் பேணும் முறை அறவே தெரியவில்லை, லாடம் அடித்து வைத்தியம் பார்ப்போரும் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். குதிரை விற்கும் வணிகர்கள் தங்கள் வியாபாரம் குறையக்கூடாது என்பதற்காக அத்தகைய தொழிலாளரை இங்கே வரவிடாமல் தடுத்தார்கள் என்றும் அவர் சேர்த்துக்கொள்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் இக்கரைகளில் இறங்கியதாகக் கூறுகிறார். எண்களில் மிகை இருக்கலாம். ஆனால் இருவரும் காட்டும் சித்திரம் ஒன்றே. வலு கப்பலேறி வந்தது. அதை வசப்படுத்தும் அறிவு கூடவே வரவில்லை.

வலுவும் வசமும் இரண்டு வேறு சரக்குகள். ஒன்றுக்கு விலை உண்டு. மற்றொன்றுக்குக் காலமும் கையும் வேண்டும். உயிருள்ள குதிரையைப் பற்றிய இந்த வேறுபாடு, எஞ்சினுக்குள் அடைபட்ட குதிரைகளுக்கும் அப்படியே பொருந்துகிறது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பேணுவோரிடையே ஓயாமல் நடக்கும் வழக்கும் இதுதான்: காருக்கு இன்னும் பெரிய எஞ்சினைப் பொருத்துவதா, அல்லது இருக்கும் எஞ்சினோடு வண்டியை இலகுவாக்கி, சஸ்பென்ஷனையும் பிரேக்கையும் சீராக்கி, ஓட்டுபவரின் கைக்கு நெருக்கமாக்குவதா?

*

குதிரைத்திறன் என்ற அளவு ஒரு விற்பனையாளரின் தேவையிலிருந்து பிறந்தது. சுரங்கத்திலும் ஆலையிலும் குதிரைகளைக் கட்டி வேலை வாங்கியவர்களிடம் நீராவி எஞ்சினை விற்க வேண்டியிருந்த ஜேம்ஸ் வாட், தம் எஞ்சின் எத்தனை குதிரைகளுக்கு ஈடு என்று சொல்ல ஓர் எண்ணை வகுத்தார். ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓரடி உயர்த்தும் வேலை ஒரு குதிரைத்திறன். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 746 வாட். எஞ்சின் எவ்வளவு வேலையை எவ்வளவு விரைவில் செய்யும் என்பதை இந்த எண் சொல்லும். அந்த வேலை ஓட்டுபவரின் கைக்கும் காலுக்கும் எப்படி வந்து சேர்கிறது என்பதைச் சொல்லாது.

நேர்ச்சாலையில் வலுவே ராஜா. வளைவு வந்ததும் ஆட்சி மாறுகிறது. அங்கே காரைச் சாலையோடு பிணைத்திருப்பவை நான்கு டயர்கள் தரையைத் தொடும், உள்ளங்கை அளவேயான நான்கு பரப்புகள். கார் கனமாக இருந்தால் அதை நிறுத்தவும் திருப்பவும் அப்பரப்புகள் அதிகம் உழைக்க வேண்டும். இலகுவான கார் தாமதமாகப் பிரேக் பிடிக்கலாம். வளைவுக்குள் கூடுதல் வேகத்தைக் கொண்டு செல்லலாம். டயர் பிடிமானத்தை இழக்கத் தொடங்கும் கணம் ஸ்டீயரிங்கின் கனம் குறைவதிலும் இருக்கையின் அதிர்விலும் முன்கூட்டியே தெரியும். எல்லை எங்கே இருக்கிறது என்பதைக் கார் மெல்லப் பேசிச் சொல்வதைத்தான் ‘ஓட்டும் உணர்வு’ என்கிறார்கள்.

இதற்கு இங்கிலாந்தின் எம்.ஜி. கார்களிலேயே தெளிவான சான்று உண்டு. 1962இல் வந்த எம்.ஜி.பி. 1,798 சி.சி. எஞ்சினும் 95 குதிரைத்திறனும் கொண்டது. வலு போதவில்லை என்ற குரலுக்குச் செவிசாய்த்து, 1967இல் அதே உடலில் 2,912 சி.சி. ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி எம்.ஜி.சி. என்று விற்றார்கள். குதிரைத்திறன் 145 ஆயிற்று. ஆனால் புதிய எஞ்சின் முன்சக்கரங்களின் மேல் ஏறத்தாழ 95 கிலோ கூடுதல் பாரத்தை ஏற்றியது. வளைவில் மூக்கு திரும்ப மறுக்கிறது என்று பத்திரிகைகள் குறை கூறின. சுமார் ஒன்பதாயிரம் கார்களோடு 1969இல் அதன் கதை முடிந்தது. வலு குறைந்த எம்.ஜி.பி.யோ 1980வரை உற்பத்தியில் இருந்து, ஐந்து லட்சத்துக்கு மேல் விற்றது. 1989இல் ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் எம்.எக்ஸ்-5 என்ற சிறு காரைக் கொண்டுவந்தபோது, குதிரையும் அதன்மேல் அமர்ந்தவனும் ஓருடலாவதைக் குறிக்கும் ஒரு ஜப்பானியத் தொடரைத் தன் கொள்கையாகச் சொன்னது. 1.6 லிட்டர் எஞ்சின், ஒரு டன்னுக்குக் குறைந்த எடை. வலுவான கார்கள் மலிந்த காலத்தில் அது பெருவெற்றி பெற்றது.

*

இந்த வழக்கை நம் ஊரில் வைத்துப் பார்த்தால் முதலில் எதிர்ப்படுவது வறுமை. மதுரையில் எஞ்சினின் வரலாறு, 1911இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய நிறுவனத்தின் வரலாற்றோடு பிணைந்தது. டி.வி.எஸ். பேருந்துகளின் நேரந்தவறாமையைப் பற்றி மதுரையில் இன்றும் முதியோர் சொல்வதுண்டு. மாடுகளின் குளம்பிலிருந்து உதிர்ந்த லாட ஆணிகள் டயரைக் கிழிக்காதிருக்க, காந்தம் கட்டிய வண்டியொன்றைச் சாலையில் ஓட்டி அவற்றைப் பொறுக்கினார்கள் என்பதும் வழிவழியாக வரும் செய்தி. பாண்டியனின் குதிரைகள் லாடம் அடிப்பவர் இன்றி மடிந்தன என்று மார்க்கோ போலோ எழுதிய அதே நாட்டில், அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு போக்குவரத்து நிறுவனம் லாட ஆணியைக்கூடக் கணக்கில் வைத்துத் தன் பெயரைக் கட்டியது. வரலாறு சில சமயம் தன் பிழையைத் தானே திருத்திக்கொள்வது போலத் தோன்றுகிறது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. பேருந்துகள் கரிவாயுவில் ஓடின. அதற்கான கருவிகளை டி.வி.எஸ். நிறுவனமே தயாரித்தது. மூடிய உருளையில் கரியை எரித்து, காற்றை அளவாக விட்டு, அதில் எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவை எஞ்சினுக்குக் கொடுப்பது இம்முறை. அந்த வாயுவில் எரியாத நைட்ரஜனே பெரும்பகுதி. ஆகவே எஞ்சின் தன் வலுவில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை இழக்கும். அத்தகைய வண்டியை ஓட்டுபவர் மேடு வருமுன்பே வேகத்தைச் சேமிக்க வேண்டும், கியரை நேரமறிந்து மாற்ற வேண்டும், பிரேக்கை வீணாக்கக்கூடாது. எஞ்சின் மூச்சு வாங்குவதைக் காதால் கேட்டே ஓட்ட வேண்டும். வலுக்குறைவு கையைத் தேர்ச்சியாக்கியது உண்மை. ஆனால் அதை எவரும் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. இந்த வேறுபாடு நமக்குப் பின்னால் தேவைப்படும்.

*

விடுதலைக்குப் பின் வந்த உரிமக் கட்டுப்பாட்டுக் காலத்தில் இந்தியருக்குக் கிடைத்த கார்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும்: கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் உருவான அம்பாசடர், பம்பாயின் ஃபியட், சென்னையின் ஸ்டாண்டர்டு. இவை எவற்றையும் நாம் ஸ்போர்ட்ஸ் காரோடு சேர்த்து நினைப்பதில்லை. ஆயினும் இவற்றில் இரண்டின் குருதியில் ஸ்போர்ட்ஸ் காரின் உறவு இருந்தது.

அம்பாசடரில் நெடுங்காலம் ஓடிய 1,489 சி.சி. எஞ்சின், பி.எம்.சி. நிறுவனத்தின் ‘பி’ வரிசையைச் சேர்ந்தது. 1955இல் வந்த எம்.ஜி.ஏ. என்ற அழகிய ஸ்போர்ட்ஸ் காரிலும் அதே வரிசையின் அதே கொள்ளளவுள்ள எஞ்சின்தான். மதுரை ரயில் நிலையத்துக்கு வெளியே வாடகைக்கு நின்ற அம்பாசடர்கள், இங்கிலாந்தின் பந்தயத் தடங்களில் ஓடிய காரின் ஒன்றுவிட்ட சகோதரர்கள். ஆனால் அந்த எஞ்சின் அம்பாசடரை ஸ்போர்ட்ஸ் காராக்கவில்லை. ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட எடை, உயர்ந்த உடல், இலைவில்லின் மேல் அமர்ந்த கனத்த பின்னச்சு ஆகியவை அதன் இயல்பைத் தீர்மானித்தன. 1990களின் தொடக்கத்தில் அதே உடலில் 1.8 லிட்டர் ஐசுசு எஞ்சின் ஏறியபோது 75 குதிரைத்திறன் கிடைத்தது. வேகம் கூடியது. காரின் சுபாவம் மாறவில்லை. அம்பாசடரின் உற்பத்தி 2014இல் நின்றது.

சென்னையின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இதற்கு நேரெதிர். 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்று வந்த இக்காரை இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவான்னி மிக்கெலொட்டி வரைந்தார். 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் சென்னையில் அதைத் தயாரித்தது. 948 சி.சி. எஞ்சின், நாற்பதுக்குக் குறைந்த குதிரைத்திறன். வலு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் எடை எண்ணூறு கிலோ அளவு. நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். இருபத்தைந்தடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பும் முன்சக்கரங்கள். சதுரத்துக்குள் சதுரமாகக் கோயிலைச் சுற்றி அமைந்து, இடையிடையே சந்துகளால் கோக்கப்பட்ட மதுரை நகருக்கு, மாசி வீதியிலிருந்து ஒரு சந்துக்குள் ஒரே வீச்சில் புகக்கூடிய கார் எவ்வளவு பொருத்தம் என்பதை அந்நகரில் நடந்தவர்கள் அறிவார்கள். இந்த ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கியே 1962இல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் உருவானது. இலகுத்தன்மையையே வேதமாகக் கொண்ட லோட்டஸ் நிறுவனமும் தன் ‘செவன்’ காருக்கு ஹெரால்டின் முன்சக்கரப் பாகங்களை எடுத்தாண்டது.

ஆக நம் சாலைகளில் ஒரு சோதனை தானாகவே நடந்திருக்கிறது. ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினை வாங்கிய கார் ஒன்று. ஸ்போர்ட்ஸ் காரின் எலும்பைக் கொண்ட கார் மற்றொன்று. ஓட்டும் உணர்வு எலும்பில்தான் இருக்கிறது என்பது அந்தச் சோதனையின் முடிவு.

ஹெரால்டுக்கும் ஒரு குணக்கேடு உண்டு. வளைவின் நடுவே ஓட்டுநர் அஞ்சி ஆக்ஸிலேட்டரிலிருந்து சட்டெனக் காலை எடுத்தால், பின்பக்கம் எழும்பும். பின்சக்கரங்கள் உள்நோக்கி மடியும். வண்டியின் வால் வெளியே வீசும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் காலை நிதானமாக வைத்திருப்பவருக்கு அது அடங்கும். உணர்வுள்ள கார் உணர்வுள்ள ஓட்டுநரைக் கேட்கிறது. நம்மவர்கள் அந்த ஒப்பந்தத்தை ஏற்கவில்லை. வாங்குவோருக்கும் மெக்கானிக்குகளுக்கும் அந்தப் பின்னச்சு பிடிக்கவில்லை. 1972இல் வந்த ஸ்டாண்டர்டு கஸல், அதே 948 சி.சி. எஞ்சினை வைத்துக்கொண்டு, ஹெரால்டின் தனித்தியங்கும் பின்சக்கர அமைப்பை விட்டுவிட்டு, வழக்கமான முழு அச்சுக்குத் திரும்பியது. குண்டும் குழியுமான சாலையில் பழுது பார்க்க எளிதான அச்சு போதும் என்ற முடிவு நியாயமானதே. ஆனால் வலுவும் இல்லை, உணர்வும் இல்லை என்ற இடத்தில் அது நம்மைக் கொண்டுபோய் விட்டது.

*

இல்லாமையை ஒரு தேர்வாக மாற்றிக் காட்டியவர் கோயம்புத்தூரின் எஸ். கரிவர்தன். அதற்கு முந்திய பந்தய உலகம் சோழவரத்தில் இருந்தது. சென்னைக்கு வடக்கே உலகப் போரின்போது அமைந்த அந்த விமானத் தளத்தில், 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்திவந்தது. ஓடுபாதை நீளமானது, நேரானது. வெளிநாட்டிலிருந்து வலுமிக்க எஞ்சினை வரவழைக்க வசதி பெற்றவர்க்கு அது சாதகம். 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா அங்கே என்சைன் ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து ஓட்டினார். பாண்டியர் காலத்துக் குதிரை வணிகத்தின் சாயல் அதில் இல்லாமலில்லை: வலு கப்பலில் வந்தது; பணமுள்ளவர் கைக்குச் சென்றது.

1983இன் இறுதியில் மாருதி 800 வந்தது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், நாற்பதுக்குக் குறைந்த குதிரைத்திறன். குடும்பத்தோடு சந்தைக்குப் போவதற்கான எஞ்சின். கரிவர்தன் அதை எடுத்து, ஒருவர் மட்டும் அமரும் இலகுவான திறந்த சக்கரப் பந்தயக் கார் ஒன்றை வடிவமைத்தார். 1988இல் ஃபார்முலா மாருதி பிறந்தது. எல்லோருக்கும் ஒரே எஞ்சின், ஒரே வகைக் கார். எதிராளியை வலுவால் வெல்ல வழியில்லை. பிரேக்கை எந்த அங்குலத்தில் மிதிப்பது, வளைவை எந்தக் கோட்டில் வெட்டுவது, சேர்த்த வேகத்தைச் சிந்தாமல் எப்படி அடுத்த நேர்ச்சாலைக்குக் கொண்டுபோவது என்பவைதாம் மிஞ்சின. இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் நிரந்தரப் பந்தயத் தடம் வந்தபோது, வளைவுகள் நிறைந்த அந்தத் தடத்துக்கு ஏற்ற பள்ளிக்கூடம் தயாராக இருந்தது.

அந்தப் பள்ளியில் பயின்ற கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். கரிவர்தன் அதைக் காண இல்லை. 1995இல் விமான விபத்தொன்றில், நாற்பத்தொரு வயதில் அவர் இறந்துவிட்டார். கோவை செட்டிப்பாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்குகிறது. நாற்பதுக்குக் குறைந்த குதிரைத்திறனில் தொடங்கி, தொள்ளாயிரம் அளவுக்குப் போன ஒரு பயணத்துக்கு அவர் போட்டுக்கொடுத்த வழி அது. சிறிய வலுவை முழுதும் வசப்படுத்தத் தெரிந்தவருக்குப் பெரிய வலு பின்னால் வந்தாலும் பழுதில்லை. வரிசை மாறினால்தான் ஆபத்து.

*

மதுரைச் சமவெளியில் இப்படியொரு தடம் இல்லை. ஆனால் இந்த எண்ணம் எஞ்சின் இல்லாமலே வழக்கத்தில் உண்டு. மேலூர்ப் பக்கத்திலிருந்து சிவகங்கை, புதுக்கோட்டை வரையும், தெற்கே தூத்துக்குடி வரையும் கோயில் திருவிழாக்களையொட்டி மாட்டுவண்டிப் பந்தயங்கள் நடக்கின்றன. பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று மாட்டின் அளவையொட்டி, ஊருக்கு ஊர் பெயர் மாறி, பந்தயம் பிரிவு பிரிவாக நடக்கும். பெரிய மாடுகளுக்கு ஒரு பந்தயம் இருக்கும்போதே சிறிய மாடுகளுக்கென்று தனியே ஏன் ஒன்று? வலுவால் மட்டும் முடிவாகும் ஆட்டம் சுவைப்பதில்லை என்பதை இச்சமவெளி மக்கள் அறிந்திருந்ததே காரணம் என்று நாம் கொள்கிறோம். பூஞ்சிட்டு வண்டிக்கும் கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. சாரதி கயிற்றை எப்போது தளர்த்துகிறார், சாலை திரும்பும் இடத்தில் இரண்டு மாடுகளின் நடையை எப்படி ஒத்துக்கொள்ளச் செய்கிறார் என்பதைப் பார்த்துப் பேசுகிற ரசிகர்கள் உண்டு.

இதை வெறும் புகழ்ச்சியாக முடித்துவிட முடியாது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடைசெய்தபோது, அதன் மையத்தில் இருந்தது விலங்கின் வதை. 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு மாநிலங்களின் சட்டத்திருத்தங்களை ஏற்றுக்கொண்டது. சட்டத்தின் வழக்கு முடிந்தாலும் கையின் வழக்கு முடியவில்லை. தார்க்குச்சியால் குத்தி வாங்குகிற வேகமும், கயிற்றால் பேசி வாங்குகிற வேகமும் ஒன்றல்ல. முன்னது வலுவைப் பிழிந்தெடுப்பது, பின்னது வசப்படுத்துவது. எஞ்சினுக்கு வலி இல்லை என்பதால் காரில் இந்த வேறுபாடு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

*

இன்று மதுரையில் ஓடும் சாதாரண ஹேட்ச்பேக் காரிலேயே எண்பது குதிரைத்திறன் அளவில் உண்டு. 1955இன் எம்.ஜி.ஏ.வுக்கு அவ்வளவு இருந்ததில்லை. மின்சாரக் கார்கள் இன்னும் ஒரு படி மேலே சென்றுவிட்டன. அவற்றில் வலு மலிவு. அரிதாகிப்போனது இலகுத்தன்மை, பல நூறு கிலோ மின்கலத்தைச் சுமந்துகொண்டு இலகுவாக இருப்பது எளிதன்று. நான்குவழிச் சாலையில் வண்டி என்ன வேகத்தில் போகிறது என்பதை எண்ணைப் பார்த்தே அறிகிறோம். கையும் காலும் சொல்லும் செய்தி குறைந்துவிட்டது. எல்லை எங்கே என்று உடலுக்குத் தெரியாதபோது, அதைக் கடந்த பிறகே தெரியவரும் என்பதுதான் இதில் உள்ள அபாயம்.

இதனால் பழைய காலமே மேல் என்று சொல்ல நாம் வரவில்லை. கரிவாயுப் பேருந்து ஓட்டுநருக்குப் பெட்ரோல் கொடுத்திருந்தால் மகிழ்ந்திருப்பார். பத்தாண்டு காத்திருந்து நாற்பது குதிரைத்திறன் வாங்கியவரிடம் போய் எளிமையின் அழகைப் பேசுவது அநாகரிகம். இல்லாதவர் கொண்டிருப்பது பற்றாக்குறை. கைக்கு எட்டியதை விலக்குபவர் கொண்டிருப்பது துறவு. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒன்றல்ல. பெரிய எஞ்சின் கிடைக்கும்போதும் தம் பழைய காருக்கு அதைப் பொருத்தாமல், சஸ்பென்ஷன் ரப்பர்களையும் டயர்களையும் மாற்றிக்கொண்டு நிற்பவர் செய்வது இரண்டாவது வகை. வலு எங்கும் மலிந்துவிட்ட இக்காலத்தில்தான் அந்தத் தேர்வு நமக்கு முதன்முறையாக வாய்த்திருக்கிறது.

பாண்டியனுக்கும் அது வாய்த்திருந்தது. ஆண்டுதோறும் இரண்டாயிரம் குதிரைகளுக்குக் கொடுத்த பொன்னில் ஒரு சிறு பகுதியைக் குதிரை பேணத் தெரிந்த நாலு பேரை வரவழைக்கச் செலவிட்டிருக்கலாம். வணிகர்கள் தடுத்தார்கள் என்பது பாதிக் காரணம்தான். வலுவுக்கு எண்ணிக்கை உண்டு. அரசவையில் நிறுத்திக் காட்டலாம். வசத்துக்கு எண்ணிக்கை இல்லை. அதனால்தான் அன்றும் அதற்கு விலை கொடுக்க ஆளில்லை.